ஆறு கிழமையா, பன்னிரண்டு கிழமையா

1. மலையிலிருந்து இறங்கி வந்தது

கேகாலைப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றுக்கு மிட்வைஃபாகப் போன முதல் நாளே எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். கிளினிக் வாசலில் கர்ப்பிணிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். "கொழுந்துக்குப் போறவங்க முதல்ல வாங்க" என்றேன். மஸ்கெலியாப் பக்கம் பிறந்து, வளர்ந்து, தேயிலைத் தோட்டங்களிலேயே வேலை பார்த்தவளுக்கு வேறு என்ன வாயில் வரும்? முன்னால் இருந்த ஒருத்தி, "இங்க கொழுந்து ஏது மிஸ்ஸி, நாங்க பால் வெட்டுற ஆளுங்க" என்றாள். அவள் பெயர் செல்வமணி. அன்று அவளோடு சேர்ந்து நானும் சிரித்தேன்.

புது இடம் எனக்குப் பிடிபடக் கொஞ்ச நாள் ஆனது. தேயிலை மலையில் விடிந்த பிறகுதான் வேலை சூடுபிடிக்கும். இங்கே வெளிச்சம் வருவதற்குள் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டு முடிந்து, பெண்கள் கத்தியோடு மரத்தடியில் நிற்பார்கள். வெயில் ஏறினால் பால் வடியாது. மழை பெய்தால் வெட்டே இல்லை. மத்தியானத்துக்கு மேல் கிளினிக்குக்கு வரும்போது ஒவ்வொருத்தி கையிலும் ரப்பர் பால் காய்ந்து தோல் மாதிரி ஒட்டியிருக்கும். பேசிக்கொண்டே அதை உரித்து உரித்துப் போடுவார்கள். போன பிறகு நான்தான் கூட்ட வேண்டும்.

பேச்சும் வேறு. நாங்க, நீங்க என்று எங்கள் ஊர்ப் பேச்சுத்தான், ஆனால் நடுவில் சிங்களம் சரளமாக வந்து விழும். மலையில் ஒரு மனிதர் பிறந்ததிலிருந்து சாகும்வரை தமிழிலேயே காலத்தை ஓட்டிவிடலாம். இங்கே கடை, பஸ், ஆஸ்பத்திரி எல்லாமே சிங்களம்தான். பெரியவர்கள் வெளியே போய்வந்து கற்றுக்கொண்டிருக்கிறார்கள், குழந்தைகள் லயத்து வரிசை வீடுகளுக்குள் தமிழில்தானே விளையாடுகிறார்கள் என்று நானாகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். யாரையும் கேட்கவில்லை.

எனக்குப் பயிற்சிக் காலத்திலேயே சிங்களம் நன்றாக வரும். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. பழைய தோட்டத்தில் டிஸ்பென்சர் ஐயாவும் நானும் நோயாளிக்கு முன்னால் சொல்லக்கூடாத விஷயத்தைச் சிங்களத்தில் பேசிக்கொள்வோம். குழந்தை தங்காது, கட்டி நல்லதாகத் தெரியவில்லை, இப்படி. எதிரில் இருப்பவர் எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்துக்கொண்டு இருப்பார். அதை ஒரு நாகரிகமான வழி என்று நினைத்திருந்தோம்.

2. சட்டம் கேட்ட கேள்வி

இப்போது மிட்வைஃப் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்காது, அதனால் விளக்கமாகச் சொல்கிறேன். அந்தக் காலத்தில் தோட்டத்துப் பெண்களுக்குப் பிரசவ லீவு இரண்டு அளவில் இருந்தது. பிள்ளை இல்லாதவளுக்கும், உயிரோடு ஒரு பிள்ளை மட்டும் இருப்பவளுக்கும் பன்னிரண்டு கிழமை, அதாவது பன்னிரண்டு வாரம். பேறுக்கு முன் இரண்டு, பின் பத்து. ஏற்கெனவே இரண்டு பிள்ளைகளோ அதற்கு மேலோ உயிரோடு இருந்தால் ஆறு கிழமைதான். முன் இரண்டு, பின் நாலு. நாலு கிழமை என்றால் முப்பது நாள்கூடக் கழியாது. தீட்டுக் கழித்துத் தலைக்கு ஊற்றுவதற்கு முன்பே அந்தப் பெண் பெரட்டில் போய் நிற்க வேண்டும்.

மூன்றாவது பிள்ளை பெற்றால் உடம்பு சீக்கிரம் ஆறிவிடும் என்று எந்த மகராசன் கண்டுபிடித்தானோ தெரியாது. நான் பார்த்தவரை மூன்றாவதில்தான் ரத்தம் வற்றி, கால் வீங்கி, முதுகு விட்டுப்போய் வருவார்கள். பல வருஷம் கழித்து, நான் ஓய்வு பெற்ற பிறகு, எத்தனையாவது பிள்ளையானாலும் ஒரே லீவு என்று சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். நல்ல காரியம். ஆனால் நான் சொல்லப்போவது அதற்கு முந்திய கதை.

தோட்டங்கள் அரசாங்கத்திடம் இருந்த காலத்தில் பெரிய கிளாக்கர், "எத்தனாவதும்மா?" என்று கேட்பாராம். சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்வாராம். தொண்ணூற்றிரண்டில் கம்பெனிகள் வந்த பிறகு எல்லாவற்றையும் சரிபார்க்கும் பழக்கமும் கூடவே வந்தது. எங்கள் தோட்டத்துக்கு நலன்புரி அதிகாரி ஒருவரைப் போட்டார்கள். வெல்பெயார் மாத்தயா என்றுதான் எல்லோரும் சொல்வோம்; மாத்தயா என்றால் சிங்களத்தில் ஐயா. சிங்களவர், அமைதியான மனிதர், யாரையும் அதட்ட மாட்டார். ஆனால் மேலிடத்தில் சொன்னதை வரி பிசகாமல் செய்வார். லீவு கேட்கும் பெண்ணின் வீட்டுக்கே போய்ப் பிள்ளைகளைக் கண்ணால் பார்க்க வேண்டும், தாயின் வாயால் கேட்க வேண்டும், மிட்வைஃப் கூட நிற்க வேண்டும். அதுதான் அவருக்கு வந்த உத்தரவு.

3. செல்வமணி சொன்னது

செல்வமணிக்கு வயிற்றில் ஐந்து மாதம் இருக்கும்போது ஒருநாள் கிளினிக் முடிந்தும் போகாமல் உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் போன பிறகு கதவைத் தானே சாத்திவிட்டு வந்தாள்.

அவளுக்கு வீட்டில் இரண்டு பிள்ளைகள். மூத்தவள் இந்திராணி, ஒன்பது வயது இருக்கும். அடுத்தது பாபு, மூன்று வயதுப் பொடியன். பாபு பிறந்தபோது அவளுக்கு ரத்தம் நிற்காமல் போய், கேகாலை ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றித்தான் காப்பாற்றினார்கள். இந்த முறையும் ரத்தம் குறைவாகத்தான் இருந்தது. பேறுக்குப் பிறகு நல்ல ஓய்வு வேண்டும், உடனே பால் வாளியைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறினால் ஆளே போய்விடுவாய் என்று நான்தான் அவளைப் பயமுறுத்தியிருந்தேன். இரண்டு பிள்ளைகள் இருப்பதால் ஆறு கிழமைதான் கிடைக்கும் என்று எனக்குக் கவலையும் இருந்தது.

அவள் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள். "இந்திராணி எங்கக்கா பெத்தது மிஸ்ஸி. கஹவத்தையில பிரசவத்துலயே அக்கா போயிருச்சு. அதோட அப்பன் வேற கட்டிக்கிட்டான். நா தூக்கிட்டு வந்தப்ப எனக்குக் கல்யாணமே ஆகல்ல."

அவள் புருஷன் குழந்தையோடு சேர்த்துத்தான் அவளைக் கட்டியிருக்கிறார். லயத்தில் எல்லோருக்கும் இது தெரியும். கோபத்தில் சண்டை போடும்போதுகூட ஒருத்தரும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. தெரியாதது இந்திராணிக்கு மட்டும்தான்.

அப்படியானால் சட்டப்படி இவள் பெற்று உயிரோடு இருப்பது பாபு ஒருவன்தான். பன்னிரண்டு கிழமை இவளுக்கு உரிமை. எனக்கு அப்பாடா என்று இருந்தது. நான் ஆபீஸில் சொல்கிறேன் என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லுங்க. ஆனா அவ காதுல விழக்கூடாது மிஸ்ஸி. விழுற மாதிரி இருந்தா எனக்கு லீவே வேணாம்."

"அத நா பாத்துக்கிறேன்" என்றேன்.

4. வாசற்படியில்

வெல்பெயார் மாத்தயாவிடம் விஷயத்தைச் சொல்லி வைத்தேன். அவர் கேட்டுக்கொண்டார், நம்பவும் செய்தார். ஆனால் தாய் தன் வாயால் சொல்ல வேண்டும் என்றார். ஆபீஸுக்கு வரச் சொல்லலாமே என்று நான் கேட்டிருக்க வேண்டும். அது ஏனோ எனக்குத் தோன்றவில்லை. சனிக்கிழமை லயத்துக்குப் போகிறோம், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை என்பதையும் நினைக்கவில்லை.

நாங்கள் போனபோது இந்திராணி வாசற்படியில் உட்கார்ந்து பாபுவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். செல்வமணி உள்ளே இருந்து ஸ்டூல் எடுத்துவந்து போட்டாள். மாத்தயா இரண்டு பிள்ளைகளையும் பார்த்தார், என்னைப் பார்த்தார். பெரிய பிள்ளையை எங்கேயாவது அனுப்பலாமா என்று கேட்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை. நான் அவசரப்பட்டேன். இன்னும் போகவேண்டிய வீடுகள் இருந்தன. மேலும், என்னிடம்தான் வழி இருக்கிறதே. தமிழை விட்டுவிட்டுச் சிங்களத்தில் ஆரம்பித்தேன்.

பெரிய பிள்ளை இவள் பெற்றது இல்லை, அக்காவுடையது, இவள் அதை உங்களுக்குச் சொல்வாள் என்றேன். நல்ல தெளிவான சிங்களம். செல்வமணி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். வேண்டாம் என்ற ஆட்டல். ஆபீசரைப் பார்த்துப் பயப்படுகிறாள் என்று நான் புரிந்துகொண்டேன்.

மாத்தயா அவளிடம் மெதுவாகக் கேட்டார், அப்படியா என்று.

"தென்னம மகே, மாத்தயா" என்றாள். இரண்டும் என்னுடையதுதான் என்று சிங்களத்திலேயே சொன்னாள்.

எனக்குச் சுரீரென்றது. இவளுக்காக இவ்வளவு தூரம் பேசி வைத்திருக்கிறேன், மாத்தயா முன்னால் என்னைப் பொய்க்காரியாக்குகிறாளே என்று ஆத்திரம் வந்தது. எனக்கு ஆத்திரம் வந்தால் வாய் நிற்காது. இவள் பயந்துபோய்ச் சொல்கிறாள், இந்தப் பிள்ளையின் தாய் கஹவத்தையில் பிரசவத்தில் செத்துவிட்டாள், தகப்பன் விட்டுவிட்டுப் போய்விட்டான், இவள் தூக்கிவந்து வளர்த்தாள், அவ்வளவுதான் என்று சிங்களத்தில் கொட்டி முடித்தேன். ஒன்றுவிடாமல் சொன்னேன். இந்திராணியைப் பார்த்து விரலை நீட்டிக்கூடச் சொன்னேன்.

அவள் சோறு ஊட்டுவதை நிறுத்தவில்லை. பாபுவின் வாயைத் துடைத்தாள். அடுத்த உருண்டையை உருட்டினாள். அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

செல்வமணி மறுபடியும் அதையேதான் சொன்னாள். தாய் சொல்வதைத்தான் தன்னால் எடுத்துக்கொள்ள முடியும் என்று மாத்தயா சங்கடத்தோடு சொன்னார். ஆறு கிழமை என்று முடிவாகிவிட்டது. அவர் அடுத்த வீட்டுக்கு நகர்ந்தார். நான் பின்தங்கி, ஏன் இப்படிச் செய்தாய் என்று செல்வமணியைக் கடிந்துகொண்டேன். அவள் வாசலைப் பார்த்தாள். இந்திராணி தட்டைக் கழுவ பைப்படிக்குப் போயிருந்தாள்.

"அவ சிங்கள ஸ்கூலுக்குத்தான் போறா மிஸ்ஸி" என்றாள் செல்வமணி. "இங்க கிட்டத்துல தமிழ் ஸ்கூல் இல்ல."

அவள் அழவும் இல்லை, என்னைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் எனக்கு நின்று பதில் சொல்ல ஒரு பிடி கிடைத்திருக்கும். அந்த லயத்தைவிட்டு எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. அடுத்த வீட்டில் மாத்தயா கேட்ட எதுவும் என் காதில் விழவில்லை. கூனிக் குறுகிப்போவது என்று சொல்வார்களே, அது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அடுத்த கிளினிக்குக்குச் செல்வமணி வந்தாள். பிரஷர் பார்க்கக் கையை நீட்டினாள். இந்திராணி ஏதாவது கேட்டாளா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"ஒன்னும் கேக்கல்ல. இப்பல்லாம் சோறு போட்டுத் திங்கிறதுக்கு முன்னால திங்கட்டுமான்னு கேக்குறா" என்றாள்.

என்னால் தலையை நிமிர்த்த முடியவில்லை. மன்னிப்புக் கேட்கவாவது வாய் வந்திருக்க வேண்டும். அதுவும் வரவில்லை. தேவையில்லாத நேரத்தில் மட்டும் வரும் வாய்.

5. இந்திராணி டிஸ்பென்சரிக்கு வந்தாள்

இது நடந்து சில வாரம் கழித்து, ஒரு பள்ளிக்கூட நாளில், இந்திராணி வெள்ளைச் சட்டையோடு நேரே டிஸ்பென்சரிக்கு வந்தாள். தனியாகத்தான் வந்தாள். காய்ச்சலா என்று கேட்டேன். இல்லை என்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. வரும் வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருப்பாள்போல, தரையைப் பார்த்துக்கொண்டு ஒரே மூச்சில் சொன்னாள்.

"மிஸ்ஸி, நா அவங்க பெத்த புள்ள இல்லன்னு நானே மாத்தயாகிட்ட சொல்றேன். அம்மாவுக்குப் பன்னெண்டு கிழமை குடுக்கச் சொல்லுங்க. அம்மாவுக்கு ரத்தம் இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க."

அவங்க என்று ஆரம்பித்து அம்மா என்று முடித்தாள். அது அவளுக்குத் தெரிந்ததாகத் தெரியவில்லை. ஒன்பது வயதுக் குழந்தை, தன்னை ஒரு கணக்கிலிருந்து அடித்துவிடச் சொல்லி என் மேசைக்கு முன்னால் நிற்கிறாள். அந்தக் கணக்கை அவள் காதில் போட்டவள் நான். அவளைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போல் இருந்தது. அதற்கு எனக்கு என்ன உரிமை என்றும் இருந்தது. நீ அம்மா பிள்ளைதான், போ, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்வதற்கே நாக்குக் கூசியது.

ஆனால் வெல்பெயார் மாத்தயாவிடம் போனேன். நடந்ததை எல்லாம், என் புத்திசாலித்தனம் உட்பட, மறைக்காமல் சொன்னேன். தன் மகளும் அந்த வயதுதான் என்று மட்டும் சொன்னார். பிறகு தாயைத் திரும்பக் கேட்கத் தேவையில்லை, என் சாட்சியே போதும் என்று தோட்டத்து மேனேஜரான பெரிய துரையிடம் தானே பேசி, பன்னிரண்டு கிழமைக்கு அனுமதி வாங்கிக்கொடுத்தார். நான் சந்தோஷப்பட்டேன். கிழிந்ததைத் தைத்துவிட்டேன் என்றுகூட நினைத்தேன். அந்தச் சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

செல்வமணிக்குச் சொன்னபோது அவள், "அப்படியா மிஸ்ஸி" என்றாள். இந்திராணி என்னிடம் வந்ததைப் பற்றி அவளிடம் நான் சொல்லவில்லை. ஆனால் அவளுக்குத் தெரிந்திருந்தது. மாத்தயா எப்படி மனம் மாறினார் என்று ஒரு வார்த்தைகூடக் கேட்காததிலிருந்தே அதை நான் ஊகித்திருக்கலாம்.

6. பெரட்டு

குழந்தை கேகாலை ஆஸ்பத்திரியில் பிறந்தது. பெண். இந்த முறை ரத்தப்போக்கு அவ்வளவாக இல்லை, ஆனாலும் செல்வமணி வெளிறிப்போய்த்தான் வீடு வந்தாள். நான் போய்ப் பார்த்து, இரும்புச் சத்து மாத்திரை கொடுத்து, இன்னும் பல கிழமை இருக்கிறது, நன்றாகப் படு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நாலு கிழமை முடிந்த மறுநாள் காலை பெரட்டுக் களத்திலிருந்து ஆள் வந்தது. செல்வமணி கத்தியோடு வந்து நிற்கிறாள், லீவில் இருப்பவளை எப்படி வேலைக்கு எடுப்பது என்று கங்காணி கேட்கிறார், மிஸ்ஸியைக் கூட்டிவரச் சொன்னார் என்றான் வந்தவன். தலையை முடிந்துகொண்டு ஓடினேன்.

இன்னும் சரியாக விடியவில்லை. பால்வெட்டுக்காரர்கள் எல்லோரும் நின்றார்கள். செல்வமணி இடுப்பில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றாள். பக்கத்தில் இந்திராணி, வேலை நேரத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் கொண்டுபோய் விடுவதற்காகக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். பாபு அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

உனக்குப் பன்னிரண்டு கிழமை இருக்கிறது, வீட்டுக்குப் போ, உடம்பு தாங்காது என்று கெஞ்சினேன். முப்பது நாள்கூடக் கழியவில்லையே என்றேன். அவள் எனக்குப் பதில் சொன்ன மாதிரி தெரியவில்லை. களத்தில் எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னாள்.

"பன்னெண்டு கிழமை ஒரு புள்ள வச்சிருக்கவங்களுக்கு மிஸ்ஸி. எனக்கு ஏற்கனவே ரெண்டு இருக்கு. இது மூனாவது. எனக்கு ஆறு கிழமைதான் சட்டம்."

நான் கங்காணியைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். செல்வமணி வாளியைக் கையில் எடுத்தாள். இந்திராணி குழந்தையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு, "அம்மா, பாப்பாவுக்குப் பால் குடுக்க எத்தன மணிக்கு வருவீங்க?" என்று கேட்டாள். ரப்பர் பால் நிறுப்பதற்கு முன்னால் ஒரு தடவை ஓடிவருகிறேன் என்று செல்வமணி சொல்லிவிட்டு மேட்டில் ஏறினாள்.

வேலையிலிருந்து நிறுத்தச் சொல்ல எனக்கு அதிகாரம் இருந்தது. துரையிடம் போயிருந்தால் நிறுத்தியும் இருப்பார். நான் போகவில்லை. கங்காணியிடம் பேசி, சரிவு இல்லாத மரங்களை அவளுக்குக் கொடுக்க வைத்தேன். லீவு முடியவேண்டிய நாள்வரைக்கும் அவள் வெட்டும் இடத்துக்கே போய்ப் பிரஷர் பார்த்தேன். சில நாள் மரத்தில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். என்னைக் கண்டதும் கையை நீட்டுவாள். முடிந்ததும் கத்தியை எடுத்துக்கொள்வாள். நாங்கள் அந்த விஷயத்தைப் பேசியதே இல்லை.

அதன் பிறகு எந்தப் பெண்ணிடமும் அவள் வீட்டு வாசலில் நின்றுகொண்டு பிள்ளைக் கணக்குக் கேட்டதில்லை. நோயாளிக்கு முன்னால் மறைத்துப் பேச இன்னொரு பாஷையை எடுத்ததும் இல்லை. சொல்லக்கூடாதது என்றால் எந்தப் பாஷையிலும் சொல்லக்கூடாததுதான். புதிதாக வரும் பிள்ளைகள் இப்போதைய சட்டத்தைப் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள், அதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. உரிமையை வாங்கிக் கொடுக்கிறேன் என்று போய் நிற்கும்போது, அதற்கு அந்த வீட்டில் யார் விலை கொடுக்கப்போகிறார்கள் என்று முதலில் பாருங்கள். செல்வமணிக்கு நான் வாங்கிக் கொடுத்தது ஆறு கிழமை கூடுதல் லீவு. அந்த ஆறு கிழமையும் அவள் பச்சை உடம்போடு பால் வெட்டித்தான் தன் மூத்த மகளைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.